எல்லாருக்கும் போன செய்தி

குரு என்றால் வெள்ளைத்தாடியும் ஆலமரமும் வேண்டும் என்று எவன் சொன்னான்? பியூலா டீச்சருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. கோவில்பட்டியில் ஒரு செல்போன் கடையின் மாடியில் வைஃபை நெட்வொர்க் வேலை கற்றுக் கொடுத்தாள். அவளிடம் படித்த தவசிமுத்துவோ ஐம்பதைத் தாண்டியவர். டிவி ரிப்பேர் தொழில் படுத்துப் போனதும் கூச்சத்தை விட்டு இந்த வேலைக்கு வந்தவர். கெட்டிக்காரர். கெட்டிக்காரர்களுக்கு வருகிற வினை அவருக்கும் வந்தது.

ஒரு நாள் மத்தியானம் மாடியேறி வந்தவர் உட்காரவே இல்லை.

"டீச்சர், மன்னிப்புக் கேட்டாச்சு. அப்புறமும் அந்தப் பிள்ளை வேலைக்கு வரமாட்டேங்குது. நான் இன்னும் என்னதான் செய்ய?"

"எந்தப் பிள்ளை? முதல்ல உக்காருங்க அண்ணாச்சி."

உட்கார்ந்து சுற்றி வளைத்துச் சொன்னார். நடந்தது இதுதான்.

கடலைமிட்டாய் கம்பெனி ஒன்றுக்கு அவர் புது வைஃபை போட்டுக் கொடுத்தார். வைஃபையில் சேர்ந்த கருவிகளில் ஒன்று பழசாக இருந்தால், அதற்காக மற்றதெல்லாம் வேகம் குறைய வேண்டியிருக்கும். அதனால், பழைய முறையில் பேசுகிற எதையும் சேர்க்காதே என்று வைஃபை பெட்டியில் ஒரு செட்டிங்கை மாற்றினார். எல்லாம் பறந்தது. ஆனால் பேக்கிங் ஹாலில் செல்லக்கனி என்ற பெண்ணின் மேசையில் ஒரு பழைய தராசு இருந்தது. நிறுத்த எடையை ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு அனுப்புகிற தராசு. அன்றைக்கே அது ஊமையாகிப் போனது.

முதலாளி சத்தம் போட்டார். தவசிமுத்து தன் செட்டிங்கைத் திரும்பிப் பார்த்தாரா? இல்லை. ஹாலில் இருந்த மைக்கைப் பிடித்தார்.

"செல்லக்கனி, ஈரக்கையோட தொட்டுத் தொட்டுத் தராசைக் கெடுத்து வச்சிருக்கியே! உனக்கெல்லாம் எதுக்கும்மா மிஷினு?"

ஹால் மொத்தமும் சிரித்தது. அவள் தலைத்துணியை அவிழ்த்து மடித்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். மறுநாளும் வரவில்லை, அதற்கடுத்த நாளும் வரவில்லை.

பிறகுதான் அந்தச் செட்டிங் அவர் கண்ணில் பட்டது. காது மடலெல்லாம் சுட்டது அவருக்கு. யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து அதைப் பழையபடி மாற்றினார். தராசு பேசியது. வாட்ஸ்அப்பில் இருந்த கம்பெனி குரூப்பில் ஒரு செய்தியும் போட்டார்: 'என்னால் யாருக்காவது மனவருத்தம் ஏற்பட்டிருந்தால் மன்னிக்கவும்.' ஆளாளுக்குக் கும்பிடு போட்டார்கள். செல்லக்கனி ஒன்றும் போடவில்லை.

டீச்சரிடம் சொல்லும்போது அந்தச் செட்டிங் வருகிற இடத்தில் மட்டும் அவருக்கு இருமல் வந்துவிட்டது.

டீச்சர் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினாள். வைஃபையில் போகிற செய்திகள் வரிவரியாக ஓடிக்கொண்டிருந்தன.

"இந்த வரியைப் பாருங்க. இது யாருக்குப் போகுது?"

"எல்லாருக்கும்."

"யாராவது 'கிடைச்சுது'ன்னாங்களா?"

"எல்லாருக்கும்னு போட்டா அப்படி யாரும் சொல்லமாட்டாங்க டீச்சர். கேட்டுச்சா கேக்கலையான்னு பெட்டிக்கே தெரியாது."

"இது?"

"ஒரே ஒரு கருவியோட முகவரிக்கு. அந்தா, அடுத்த வரியிலயே 'கிடைச்சுது' வந்துட்டு."

"வரலைன்னா?"

"மறுபடி அனுப்பும்."

"குரூப்ல போட்டீங்களே, அதுல அவ பேரு இருந்துச்சா?"

தவசிமுத்து எழுந்து செருப்பை மாட்டினார்.

செல்லக்கனி தன் வீட்டு வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

"செல்லக்கனி, தராசு உன்னால கெடலம்மா."

"தெரியும் சார்."

"அதான்... சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

"நான் கெடுக்கலைங்கது எனக்குத் தெரியாதா? அதை என்கிட்ட வந்து எதுக்குச் சொல்லுதீங்க?" ஒரு சேலையை உதறிக் கொடியில் போட்டாள். "சிரிச்சவங்களுக்குத்தான் தெரியாது. நேத்து ரேஷன் கடையில வச்சு ஒருத்தி கேக்கா, 'ஏட்டி, வீட்டுல இருக்க மிக்ஸியாவது ஓடுதா?'ன்னு. நான் எந்த மூஞ்சியோட உள்ள வர?"

அவருக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. வந்த வழியே திரும்பி மறுபடியும் அந்த மாடிப்படி ஏறினார்.

"டீச்சர், மைக்லயே சொல்லிடட்டுமா? அன்னைக்கு மைக்லதானே சொன்னேன்."

"மைக்ல சொன்னா யார் யாருக்குக் கேட்டுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

அவருக்குப் பதில் தெரியும். எல்லாருக்கும் போக வேண்டிய செய்தி எல்லாரையும் சேர்ந்தே ஆக வேண்டும் என்றால், அதற்கும் சில பெட்டிகளில் ஒரு வழி உண்டு. அதே செய்தியை ஒவ்வொருவர் முகவரிக்கும் தனித்தனியாக அனுப்பி, ஒவ்வொருவரிடமிருந்தும் 'கிடைச்சுது' வாங்கும். வேலை அதிகம், நேரம் பிடிக்கும். வகுப்பில் எல்லாருக்கும் முந்திக்கொண்டு இதை விளக்கிச் சொன்னவரே அவர்தான். காலால் நடந்து செய்ய வேண்டி வரும் என்று அப்போது நினைக்கவில்லை.

"மேசை மேசையா போகணுமா? அத்தனை பொம்பளைங்ககிட்டயும் போய் நின்னா... ஐயோ, என் மானமே போயிடும் டீச்சர். வெக்கமா இருக்கு."

டீச்சர் அவர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நான்தான் முதல் மேசை. சொல்லுங்க, என்ன நடந்துச்சு?"

தொண்டையைச் செருமினார். சட்டை நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"அது வந்து... தராசு பழசு. நெட்வொர்க் புதுசு. ரெண்டுக்கும் ஒத்துப்போகாம..."

"நான் தராசைக் கேக்கல அண்ணாச்சி" என்றாள் பியூலா டீச்சர்.