சாதுக் கோழி

"நீ குடுத்தது கோழி முட்டையா, காக்கா முட்டையா?"

தவசி மேஸ்திரி படலைத் தாண்டி உள்ள கூட வரல. வெளிய நின்னுதான் கேட்டாரு.

உள்ள குருவம்மா கோழிக் கூண்டுக்குச் சுண்ணாம்பு அடிச்சுக்கிட்டு இருந்தா. திரும்பல.

அவளுக்கு முப்பத்தஞ்சு வயசு. அவருக்கு அறுபது. ஆனா கோழி விசயத்துல சுத்துப்பட்டுப் பத்து ஊருக்கும் அவதான் குரு. பேரே குருவம்மாங்கிறதால யாரும் தனியாப் பட்டம் குடுக்கல.

அவ வளக்குறது சிறுவிடைக் கோழி. உருவத்துல சின்னது. கூப்பிட்டா ஓடியாந்து மடியில உக்காரும். முட்டைய வீட்டுக்குள்ள கூடையிலதான் போடும். அதைப் பாத்துட்டுத்தான் மூனு வருசத்துக்கு முந்தி மேஸ்திரி அவகிட்டப் பதினஞ்சு முட்டை வாங்கிட்டுப் போயி அடை வச்சாரு.

"கேக்குறேன்ல?"

"கேக்குது அண்ணாச்சி. பக்கத்து ஊருக்கும் கேக்கும்."

"இருபது உருப்படி நிக்குது. ஒன்னு கிட்ட வருதா? நான் படி எறங்குனா கருவக்காட்டுக்குள்ள ஓடுது. முட்டையும் அங்கனதான் போடுது. அதக் கீரி திங்குது. வீட்டுல இருபது கோழிய வச்சுக்கிட்டு நான் கடை முட்டை திங்கிறேன். என்கிட்ட வேலை பாத்த ஒருத்தனும் என்னை இப்பிடி ஏமாத்துனதில்ல."

அவரு நூல் மில்லுல முப்பது வருசம் மேஸ்திரி. அவரு ஷிப்டுல மிஷினு மட்டுந்தான் சத்தம் போடும்.

"நான் சொன்ன மாதிரி செஞ்சீங்களா?"

"ஒரு வார்த்தை மாறல. சாதுவானத வித்துக்கு நிறுத்து, மத்ததக் கழிச்சிருன்னு சொன்ன. கழிச்சேன். ஒவ்வொரு ஈடு குஞ்சு பொரிக்கவும் பாத்துப் பாத்துக் கழிச்சேன்."

குருவம்மா சுண்ணாம்பு மட்டைய வாளிக்குள்ள போட்டா.

"நடங்க."

"எங்க?"

"உங்க வீட்டுக்கு."

வழி நெடுக அவரு பேசிக்கிட்டே வந்தாரு. அவ ஒன்னும் பேசல. எதிராளி பேசலைன்னா நாம சொல்றது சரின்னு நெனைக்கிற ஆளு அவரு. அதனால வீடு வந்து சேரும்போது கோவம் கொஞ்சம் கொறஞ்சு, பெருமை ஏறி இருந்துச்சு.

கோழிக வாசல்லதான் மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. நல்ல மினுமினுப்பு. நல்ல நடை. ஒன்னும் சத்தம் போடல.

குருவம்மா குத்தவச்சு உக்காந்தா. உள்ளங்கையில குருணை அரிசிய வச்சு நீட்டுனா.

"பா... பா... பா..."

இருபது தலையும் நிமிந்துச்சு. அவளப் பாத்துச்சு. ஒன்னுபோலத் திரும்பிக் கருவக்காட்டுக்குள்ள போயிருச்சு.

கால் மரத்துப் போற வரைக்கும் அவ உக்காந்தே இருந்தா.

"பாத்தியா?"ன்னாரு மேஸ்திரி. கேஸு ஜெயிச்ச மாதிரி.

"என்னென்னத்தக் கழிச்சீங்க?"

"கையக் கொத்துனது."

"அப்புறம்?"

"தோள்ல ஏறுனது. நான் பேப்பரு படிக்கையில ஒன்னு வந்து பேப்பரு மேலயே நிக்கும். அது."

"அப்புறம்?"

"சோத்துத் தட்டுல வாய் வச்சது. நான் வந்தா கத்திக்கிட்டே பின்னால வந்தது. ஒன்னு கெடந்துச்சு, சனியன். செருப்பக் கொத்திக்கிட்டே தெருமுக்கு வரைக்கும் வரும். அதையெல்லாம் பாவம் பாக்கலாமா? நான் கை காட்டுவேன். வீட்டுல அறுத்துருவா."

குருவம்மா எந்திரிச்சா. கையில இருந்த குருணையத் தரையில விட்டெறிஞ்சா. அது வாசல் பூராம் செதறுச்சு.

"அதுகதான் கோழி அண்ணாச்சி. நீங்க அறுத்துத் தின்னது அத்தனையும்."

"அதெல்லாம் கொத்துச்சும்மா."

"கிட்ட வந்தாத்தான கொத்தும்?"

மேஸ்திரி வாயத் தொறந்தாரு. அவ விடல.

"எங்க வீட்டுக்கு வந்தீங்கள்ல, கூண்டப் பாத்தீங்களா?"

"பாத்தேன். சுண்ணாம்பு அடிச்சுக்கிட்டு இருந்த."

"உள்ள கோழி இருந்துச்சா?"

அவரு யோசிச்சாரு. கோழி வளக்குற வீட்டுல ஒரு கோழி கூட கண்ணுல படலைங்கிறது இப்பத்தான் அவருக்கு ஒறச்சுச்சு.

"பங்குனியில வெள்ளக் கழிச்சல் வந்துச்சு. ஒம்பது நாள். ஒன்னு மிஞ்சல. பன்னெண்டு வருசம் ஒன்னொன்னாப் பாத்து நிறுத்துனது அண்ணாச்சி. நான் அழக்கூட இல்ல. மேஸ்திரி வீட்டுல வித்து நிக்குது, கூண்டு கொஞ்ச நாள் ஆறட்டும், போயி முட்டை கேட்டு வாங்கிக்கலாம்னு இருந்தேன். நோய் ஒம்பது நாள்ல செஞ்சத நீங்க நிதானமா உக்காந்து மூனு வருசமாச் செஞ்சிருக்கீங்க."

மேஸ்திரிக்குக் காது செவந்துச்சு. அவர இப்பிடிக் கேட்ட ஆளு மில்லுல ஒருத்தன் உண்டு. மறுநாள் அவன் வேலைக்கு வரல.

"நீ சாதுன்னுதான சொன்ன?"

"சாதுன்னா என்ன?"

"என்ன கேள்வி இது? வாயத் தொறக்காதது. எதுக்காதது. இந்தா இவளப் பாரு."

கதவுகிட்ட அவரு பொண்டாட்டி சோலையம்மா மோர்ச் சொம்போட நின்னா. சண்டை முடியட்டும்னு நின்னாளோ, ரொம்ப நேரமா நின்னாளோ, தெரியல.

"கட்டி முப்பத்திநாலு வருசமாச்சு. எதுத்து ஒரு வார்த்தை பேசிருக்காளா? நீயே கேட்டுப் பாரு. சாதுன்னா இதும்மா."

குருவம்மா கேக்கல. மோர வாங்குனா. வாங்கும்போது அந்தக் கையப் பாத்தா.

புறங்கையில புள்ளி புள்ளியாத் தழும்பு. முக்கால்வாசி பழசு. ஒன்னு மட்டும் இன்னைக்குக் காலையில பட்டது.

"மதினி, கையில என்ன?"

சோலையம்மா புருசனப் பாத்தா. குருவம்மாவப் பாத்தா. பதில் சொல்லாம உள்ள போனா.

"சொன்னேன்ல?"ன்னாரு மேஸ்திரி.

அடுப்படிப் பக்கம் ஏதோ தகரம் நகர்ற சத்தம் கேட்டுச்சு. சோலையம்மா வெளிய வந்தா. அவ பின்னால ஒரு கோழி வந்துச்சு. பழுப்பு நெறம். கால்ல ஒரு செவப்பு நூலு. வரும்போதே கத்திக்கிட்டு வந்துச்சு. வாசல்ல நின்ன மூனு பேரையும் பாத்துட்டு, நேரா மேஸ்திரிகிட்டப் போயி அவரு செருப்பக் கொத்துச்சு.

மேஸ்திரி அந்தக் கொத்த அடையாளம் கண்டுக்கிட்டாரு.

"இது... ஆடியில அறுக்கச் சொன்னதுல்ல?"

"போன ஆடிக்கு மொத ஆடி."

"அறுத்துட்டேன்னு சொன்ன?"

"மத்ததையெல்லாம் அறுத்தேன். நீங்க கை காட்டுன அத்தனையும். இது கழுத்தப் புடிக்கும்போது கையக் கொத்துச்சு. விட்டுட்டேன்."

"அன்னைக்கு நான் தின்ன கொழம்பு?"

"கடைக் கோழி."

நாட்டுக்கோழி ருசியே தனிதான்னு அந்தக் கொழம்பப் பத்தி டீக்கடையில ரெண்டு நாள் பேசுனவரு மேஸ்திரி.

"கடை முட்டைன்னு போடுறியே, அது?"

"பாதி இது போட்டது."

"ரெண்டு வருசமா இது எங்கதான் இருந்துச்சு?"

"அடுப்படியில. நீங்க டீக்கடைக்குப் போனதும் வெளிய விடுவேன். சேவல்களோட மேயும். நீங்க தெருமுக்குல செருமுனா அதுவா உள்ள வந்துரும். நானும் வந்துருவேன்."

மேஸ்திரி அந்த அடுப்படிக்குள்ள கால் வச்சதே இல்ல. கட்டுனது அவருதான்.

கைய ஓங்குனாரு. கோழிக்கு ஓங்குனாரா, பொண்டாட்டிக்கு ஓங்குனாரா, அவருக்கே வெளங்கல.

கோழி ஓடல.

சோலையம்மாவும் ஓடல.

"கைய எறக்குங்க."

சோலையம்மா சத்தமாச் சொல்லல. ஓடிக்கிட்டு இருந்த மிஷினெல்லாம் கரண்டு போயி ஒரே நேரத்துல நின்னா ஒரு அமைதி வரும். முப்பது வருசத்துல அந்த அமைதிக்கு மட்டுந்தான் மேஸ்திரி பயந்திருக்காரு.

எறக்குனாரு.

எறங்குன கைய எட்டி ஒரு கொத்து கொத்துச்சு கோழி.

"வலிக்குது"ன்னாரு.

"வலிக்கும்"ன்னா சோலையம்மா.

குருவம்மா மோர்ச் சொம்பக் கீழ வச்சா. கோழிக்கு முன்னால மண்டி போட்டா. கோழி அவ மடியில ஏறி, சேலை முந்தியக் கொத்திப் பாத்துச்சு. அவ கண்ணத் தொடச்சுக்கிட்டா. கோவம் மட்டும் இன்னும் கொரல்ல இருந்துச்சு.

"அண்ணாச்சி, இத நான் கொண்டு போறேன். வித்துக்கு வேற ஒன்னும் இல்ல."

மேஸ்திரி வாயத் தொறந்தாரு. பொண்டாட்டியப் பாத்தாரு.

"அவளக் கேளு."

"குடுக்க முடியாது"ன்னா சோலையம்மா. பட்டுன்னு.

குருவம்மா நிமிந்து பாத்தா.

"முட்டை தாரேன். பதினஞ்சு சேரவும் வந்து வாங்கிக்க. கோழி இங்கதான் இருக்கும். இனிமே அடுப்படியில இல்ல, வாசல்ல."

கோழி மடிய விட்டு எறங்குச்சு. மறுபடி மேஸ்திரிகிட்டப் போச்சு. அவரு வெறுங்கையக் கொத்திப் பாத்துட்டு, அவரு மொகத்தப் பாத்துக் கத்துச்சு.

மேஸ்திரி மெதுவாக் குனிஞ்சாரு. வாசல்ல செதறிக் கெடந்த குருணைய ஒன்னொன்னாப் பொறுக்கி உள்ளங்கையில சேக்க ஆரம்பிச்சாரு.