விரல் நின்ற வரி

ஆற்றங்கரையில் ஒரு மடம். அந்த மடத்தில் ஒரு சுவடி அறை. அரித்துப்போன ஓலைகளைப் பார்த்து நோட்டில் எழுதி வைப்பதுதான் அங்கே வேலை. எழுதிய நோட்டு அலமாரிக்குப் போக வேண்டுமானால் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் ஓலையை உரக்கப் படிப்பார். மற்றவர் நோட்டில் வரி வரியாக விரல் வைத்துப் பார்ப்பார். கடைசிப் பக்கத்தில் படித்தவர் இன்னார், பார்த்தவர் இன்னார் என்று இருவரும் பெயர் எழுதுவார்கள்.

பூதலிங்கத்தின் நோட்டுகளில் என்ன இருந்தது தெரியுமா? படித்தவர் பூதலிங்கம். பார்த்தவர் பூதலிங்கம்.

மனைவி இறந்த பிறகு, ஐம்பத்தாறு வயதில் மடத்துக்கு வந்தவர். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வந்து நாலு வருஷமாயிற்று. பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் அந்தப் பக்கம் திரும்பிப் பேசுவார். காய்ச்சலில் மூன்று நாள் கிடந்தபோது கஞ்சி வந்தது, எப்படி இருக்கிறது என்று கேட்க ஆள் வரவில்லை. அது அவரை அறுத்துக்கொண்டே இருந்தது. அவராகவும் யாரையும் வாய் திறந்து கூப்பிட மாட்டார், அது வேறு விஷயம்.

ஒருநாள் காலை மூட்டையைக் கட்டிக்கொண்டு, சுவடி அறையை மேற்பார்க்கும் துறவியான தம்பிரானிடம் வந்து நின்றார். தம்பிரானுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஆனாலும் குரு குருதானே.

“ஊருக்குப் போறேன் சாமி.”

“ஊரில யார் இருக்கா?”

“யாரும் இல்லை. இங்கே மட்டும் யார் இருக்கா? நாலு வருஷத்தில எனக்குன்னு ஒருத்தர்கூட ஏன் சேரலை? அதை மட்டும் சொல்லுங்க, போயிடுதேன்.”

ஜன்னலோரம் அவருடைய பதினொரு நோட்டுகள் அலமாரி ஏறாமல் கிடந்தன. தம்பிரான் ஒன்றை எடுத்தார். மாட்டு வைத்தியம்.

“இதில தப்பு இருக்கா?”

“ஆறு தரம் பார்த்தாச்சு. இல்லை.”

“யாரோட பார்த்தீங்க?”

“அடுத்தவங்களை எதுக்கு சாமி தொந்தரவு பண்ணணும்?”

தொழுவத்து மாசானத்தைக் கூட்டிவரச் சொன்னார் தம்பிரான். மாசானத்தின் அப்பா மாட்டு வைத்தியர். அதனால் மாசானத்துக்கும் ஓலை படிக்கத் தெரியும். ஆனால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்.

“இவரா சாமி?” என்றார் பூதலிங்கம்.

“இவர்தான். இதை முடிச்சிட்டுப் புறப்படுங்க.”

உட்கார்ந்தார்கள். மாசானம் ஒவ்வொரு சொல்லாக இழுத்தார். இந்த வேகத்தில் போனால் பொங்கலே வந்துவிடும் என்று பூதலிங்கத்துக்கு எரிச்சலாக இருந்தது.

பன்னிரண்டாவது ஓலை வந்தபோது நோட்டில் பூதலிங்கத்தின் விரல் நின்றுவிட்டது. மாசானம் படிப்பது வயிற்று உப்புசத்துக்கு மருந்து. நோட்டில் அந்த இடத்தில் கழிச்சலுக்கு மருந்து இருந்தது. ‘இதிலும் தீராவிட்டால்’ என்று ஓலையில் இரண்டு இடத்தில் வருகிறது. முதல் இடத்தை நோட்டில் எழுதிவிட்டு ஓலைக்குத் திரும்பிய கண், இரண்டாவது இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறது. நடுவில் ஒன்பது வரி காணோம். சரிபார்த்த ஆறு தரமும் அதே கண் அதே இடத்தில் தாவியிருக்கிறது.

மாசானம் ஓலையைவிட்டுத் தலை தூக்கவில்லை. விரலைச் சும்மா நகர்த்திக்கொண்டே போனால் யாருக்குத் தெரியப்போகிறது? பூதலிங்கம் ஒரு வரி நகர்த்தியும்விட்டார். பிறகு அதே விரலைப் பழைய இடத்துக்கே இழுத்தார்.

“மாசானம், கொஞ்சம் நிறுத்தும். அது இங்கே இல்லை.”

“எது ஐயா?”

“நீர் இப்ப படிச்சது. ஒன்பது வரி. நான் விட்டுட்டேன்.”

மாசானம் நோட்டை எட்டிப் பார்த்தார். “இதை நம்பிக் கொடுத்தா மாடு செத்துல்லா போகும்,” என்றார். பூதலிங்கத்துக்கு அவமானத்தில் காது சுட்டது. மாசானமோ விட்ட இடத்தின் தொடக்கத்துக்கே திரும்பிப் போனார்.

“மெதுவாச் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க அண்ணாச்சி. நமக்கு என்ன அவசரம்?”

சாயங்காலத்துக்குள் இன்னும் நாலு தப்பு அகப்பட்டது. நடுவில் ஒருமுறை மாசானமும் ஒரு வரி தாண்டிப் படித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பூதலிங்கம் சிரித்துவிட்டார். தன் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் தம்பிரானிடம் வந்தார்.

“முடிஞ்சுதா?”

“இல்லை சாமி. இதுவரைக்கும் அஞ்சு தப்பு. இன்னும் பாதி நோட்டு கிடக்கு.” பூதலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். “என் லட்சணம் பூரா அவருக்குத் தெரிஞ்சு போச்சு. இனிமே எந்த முகத்தை வச்சுக்கிட்டு அவர் எதிரே போய் உட்காருவேன்?”

“தெரிஞ்ச பிறகு அவர் எழுந்து போயிட்டாரா?”

“போனார். மாட்டைக் கட்டிட்டுத் திரும்பி வந்துட்டார். உள்ளே எனக்காக உட்கார்ந்திருக்கார்.”

“அப்புறம் நீங்க இங்கே ஏன் நிக்கீங்க?” என்றார் தம்பிரான்.