பட்டியலின் கடைசி வரி

கோயம்புத்தூர் காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடை. அந்தக் கடையின் கண்ணாடி அலமாரிக்குள் ஒருகாலத்தில் பெரிய ராஜ்ஜியமே நடந்தது. ஒருகாலம் என்றால் ரொம்பப் பழைய காலம் இல்லை, போன ஆடித் தள்ளுபடி சமயம்தான்.

ராஜா யார் என்று கேட்கவே வேண்டாம், கிராபிக்ஸ் கார்டுதான். ஒரு அடி நீளம், மூன்று விசிறி, ஓரமெல்லாம் வண்ண விளக்கு. கேம் விளையாடக் கம்ப்யூட்டர் கட்டுகிற பிள்ளைகள் கடைக்குள் வந்ததும் முதலில் அதைப் பார்ப்பார்கள். அப்புறம் விலையைக் கேட்பார்கள். கேட்டபின் கொஞ்ச நேரம் மூச்சு விடமாட்டார்கள். அதைப் பார்த்துப் பார்த்தே அதற்குத் தலைகால் புரியாமல் போய்விட்டது.

“நான் இல்லீன்னா இங்க கேமே இல்லை. தெரியுமா? எங்கண்ணன் ஈரோட்டுல ஒரு வீட்டுல ராஜாவாட்ட இருக்கான்” என்று நாளுக்கு நாலு தடவை சொல்லும்.

“கணக்குப் போடறது நானு. படம் காட்டறது நீ. கம்முனு இரு” என்று பிராசஸர் சீறும். ஆள் தீப்பெட்டி அளவுதான், கோபம் மட்டும் மூக்குக்கு மேலே நிற்கும்.

“ரெண்டு பேரும் கடைசியில எம்மேலதான் வந்து உக்காரோணும். சண்டையை அப்பறம் வெச்சுக்கோங்க” என்பாள் மதர்போர்டு. ராம் என்கிற அண்ணன் தம்பி இரண்டு பேரும் எந்தச் சண்டைக்கும் போகமாட்டார்கள். தங்களைப் பிரித்து விற்றுவிடுவார்களோ என்பது ஒன்றுதான் அவர்கள் கவலை.

வாசலை ஒட்டி, இந்தச் சாமானையெல்லாம் உள்ளே வைத்துப் பூட்டுகிற கண்ணாடிக் கேபினட் நின்றது. உடம்பு முழுக்க சீரியல் லைட்டு போட்ட கல்யாண மண்டபம் மாதிரி மின்னும். அதன் வயிற்றுக்குள் ஓசியாக ஒரு எஸ்.எம்.பி.எஸ். இருந்தது. எஸ்.எம்.பி.எஸ். என்றால் வேறொன்றும் இல்லை, சுவரிலிருந்து கரண்டை வாங்கி உள்ளே இருக்கிற எல்லாருக்கும் பங்கு போட்டுக் கொடுக்கிற டப்பா. கேபினட் வாங்கினால் அது ஃப்ரீ. ஊரிலே அதுதான் வழக்கம்.

“எம்மேல ஐநூறு வாட்ஸ்னு எழுதியிருக்கு. காசே இல்லாம வர்றேன். என்னைய வேண்டாம்னு எவன் சொல்லுவான்?” என்று அது ஜாலியாகப் பேசும்.

கீழ்த்தட்டில், துடைப்பத்துக்குப் பக்கத்தில், இன்னொரு எஸ்.எம்.பி.எஸ். தூசு படிந்த பெட்டிக்குள் கிடந்தது. கறுப்பு. கனம். மேலே நானூற்றைம்பது என்றுதான் எழுதியிருந்தது. நாலாயிரம் ரூபாய் விலை. அது பேசி யாரும் கேட்டதில்லை.

ஒரு சனிக்கிழமை காலையில் கோகிலவாணி வந்தாள்.

கோகிலவாணி திருப்பூர்ப் பொண்ணு. இருபத்தேழு வயது. பனியன் கம்பெனியில் துணி செக்கிங். துணியைத் தொட்டே எடை சொல்லிவிடுவாள். ரோலின் மேல் சதுர மீட்டருக்கு நூற்றெண்பது கிராம் என்று லேபிள் ஒட்டியிருக்கும். இவள் இரண்டு விரலில் பிடித்துப் பார்த்துவிட்டு, “நூத்தி அறுபதுக்கு மேல தேறாதுங்” என்று ரோலைத் திருப்பி அனுப்பிவிடுவாள். எடை போட்டுப் பார்த்தால் நூற்றறுபதுதான் இருக்கும்.

வேலை முடிந்தால் அவள் வேறு ஆள். ஐந்து பேர் ஐந்து பேராக மோதுகிற துப்பாக்கி கேமில் அவளும் ஒரு டீமில் இருந்தாள். டீமுக்குக் கேப்டன் ஈரோட்டு முபாரக், காலேஜ் பையன். நல்ல பையன்தான், ஆனால் கறார். கோகிலவாணி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து ஆடுவாள். அங்கிருந்த கம்ப்யூட்டர் இரண்டு தடவை முக்கியமான ஆட்டத்தின் நடுவிலே அணைந்துவிட்டது. இரண்டு தடவையும் டீம் தோற்றது. இரண்டாவது தடவை அவள் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

“கோகிலாக்கா, ஞாயித்துக்கிழமை அரையிறுதி. இந்தத் தடவை நடுவுல கட் ஆச்சுன்னா டீம்ல இடம் இல்லீங்க்கா. யாரா இருந்தாலும் அதான் ரூல்” என்று முபாரக் சொல்லிவிட்டான். சொன்னதோடு விடாமல், என்னென்ன வாங்க வேண்டும் என்று ஒரு பட்டியலும் போட்டுக் கொடுத்தான். “நான் போட்டிருக்கறதேதான். அப்படியே வாங்குங்க, கண்ணை மூடிட்டு.”

அந்தப் பட்டியலை அவள் கம்பெனி செக்கிங் ஸ்லிப்பின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருந்தாள். ஒன்றரை வருஷம் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த ஐம்பத்தைந்தாயிரம் ரூபாய் பர்ஸில் இருந்தது. மானிட்டர் மட்டும் பழசு ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருந்தது.

இந்தப் பட்டியலும் சும்மா இல்லை. கடைக்குள் வரும்போதே அதற்கு மிடுக்கு. “எல்லாரும் வரிசையா நில்லுங்க. பேர் கூப்பிடறேன்” என்றது. “முதல் வரி, மூணு விசிறி கிராபிக்ஸ் கார்டு!”

“நாந்தான்” என்றது ராஜா.

“ரெண்டாவது வரி பிராசஸர். மூணாவது மதர்போர்டு. நாலாவது ராம், ஒண்ணே ஒண்ணு.”

ராம் தம்பிக்கு முகம் செத்துவிட்டது. “அண்ணா, அப்ப நானு?”

“காசு பத்தாது கண்ணு” என்றது பட்டியல். “அஞ்சாவது, கேமையெல்லாம் ஏத்தி வெக்கற எஸ்.எஸ்.டி. ஆறாவது கண்ணாடிக் கேபினட். ஏழாவது வரி எஸ்.எம்.பி.எஸ்., கேபினட்டோட ஓசி. அவ்வளவுதான், காசும் தீர்ந்துது.”

கீழ்த்தட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. “எல்லாருக்கும் சோறு போடறவனை ஏனுங் கடைசி வரியில வெச்சீங்க?”

“யாருப்பா அது?” என்றது ராஜா. “துடைப்பமா பேசுது?”

அலமாரியே சிரித்தது.

இந்தப் பேச்செல்லாம் மனுஷர் காதில் விழாது. ஆனால் கோகிலவாணியின் கை சும்மா இருக்காதே. கடைக்காரர் தண்டபாணி எல்லாவற்றையும் எடுத்து மேஜைமேல் பரப்ப, அவள் ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். ராஜாவைத் தூக்கினாள், கனமாகத்தான் இருந்தது. கடைசியில் ஓசி எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றிக் காட்டச் சொல்லித் தூக்கினாள். கை சட்டென்று மேலே போய்விட்டது.

“என்னங்ணா இது, காலி டப்பாவாட்ட இருக்குது?”

“காலியெல்லாம் இல்லை அம்மிணி. ஐநூறு வாட்ஸ். லேபிளைப் பாருங்க.”

“லேபிளை நான் தினமும் பார்க்கறனுங்ணா. வேற ஒண்ணு இருந்தா எடுங்க.”

தண்டபாணி குனிந்து, துடைப்பத்தை ஒதுக்கி, கறுப்புப் பெட்டியைத் தூசு தட்டி எடுத்து வைத்தார். அவள் வலது கையில் ஓசியையும் இடது கையில் கறுப்பையும் வைத்துக்கொண்டாள். இடது தோள் நன்றாகவே இறங்கியது.

“இதுல நானூத்தம்பதுதானே போட்டிருக்கு?”

“ஆமாங்க. அது உண்மையிலேயே நானூத்தம்பது குடுக்கும்.” சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்று தண்டபாணிக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“அப்ப அந்த ஐநூறு?”

“அது... எல்லாரும் அதைத்தான் வாங்கறாங்க அம்மிணி. ஓடும். ஓடற வரைக்கும் ஓடும்.”

ஓடற வரைக்கும்! கோகிலவாணிக்குப் பிரவுசிங் சென்டரின் கறுத்துப்போன திரை கண்முன்னால் வந்தது.  பட்டியலை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அப்படியே தலைகீழாகத் திருப்பினாள்.

“ஐயையோ, என்ன பண்றா இவ?” என்று பட்டியல் அலறியது. மிடுக்கெல்லாம் போன இடம் தெரியவில்லை.

பழைய வரிகள் எல்லாம் கவிழ்ந்து கீழே போயின. மேலே வெற்றுத்தாள். அவள் பேனாவை வாங்கி, வெற்றுத்தாளில் முதல் வரியாக எழுதினாள். எஸ்.எம்.பி.எஸ்., கறுப்பு, நாலாயிரம்.



“அப்பறம் கேபினட்டுங்ணா. லைட்டு கண்ணாடி எதுவும் வேண்டாம், காத்து போய் வர்ற மாதிரி தகர டப்பா ஒண்ணு குடுங்க.”

“ஃப்ரண்ட்ஸ் வந்து பார்த்தா நல்லாருக்காதே அம்மிணி.”

“எதிர் டீம்காரன் என்னோட கேபினட்டைப் பார்க்கவா போறான்? ஆட்டத்துல என்னைய அவன் பார்த்தான்னா அவன் கதை முடிஞ்சுது.”

தண்டபாணி சிரித்துவிட்டார்.

மதர்போர்டு, பிராசஸர், எஸ்.எஸ்.டி. மூன்றும் அதே ஆட்கள்தான். அடுத்து ராம். “ரெண்டு” என்று எழுதினாள். ராம் தம்பி அண்ணனைக் கட்டிக்கொண்டு குதித்தான். எல்லாம் எழுதி முடித்து, மிச்சம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் கடைசி வரிக்கு வந்தாள். கிராபிக்ஸ் கார்டு, ஒரு படி கீழே, இரண்டு விசிறி.

“என்னைய விட்டுட்டு அந்தப் பொடியனையா?” ராஜாவுக்கு விசிறி மூன்றும் துடித்தது. “நீங்க எல்லாரும் நாளைக்கு அழுவீங்க! எங்கண்ணன் ஈரோட்டுல எப்படி இருக்கான்னு தெரியுமா உங்களுக்கு?”

அதற்குள் பில் போட்டாகிவிட்டது.

சாயங்காலம் வீட்டில் அவளே எல்லாவற்றையும் கேபினட்டுக்குள் பொருத்தினாள். இரண்டு விசிறி வைத்த சின்னக் கார்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தது. “என்னைய இவங்க காசு பத்தாமத்தான் வாங்குனாங்க” என்றது.

“என்னைய இத்தனை நாளா யாருமே வாங்கலை” என்றது கறுப்பு எஸ்.எம்.பி.எஸ். “அதை விடு. உனக்கு என்ன வேணுமோ எங்கிட்டக் கேளு.”

சுவிட்சைப் போட்டாள். விசிறி சுற்றியது, திரை வரவில்லை. மறுபடி போட்டாள். ம்ஹூம்.  விஷயத்தைச் சொன்னதும் முபாரக் போனில் கத்தினான். “பட்டியலை மாத்தினீங்களா? சொன்னதைக் கேட்டிருக்கலாமில்லீங்க்கா! நாளைக்கு ஆட்டம்!”

“நாளைக்கு நான் வருவேன்” என்று போனை வைத்தாள். துணியில் விட்டுப்போன தையலைத் தேடுகிற மாதிரி ஒரு ஓரத்திலிருந்து விரலை வைத்து ஒவ்வொரு வயராகத் தடவிக்கொண்டே போனாள். மதர்போர்டின் மேல் மூலையில் பிராசஸருக்குக் கரண்டு போகிற குழி காலியாக இருந்தது. அதற்குரிய வயர் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

“அப்பவே கையை நீட்டிட்டுத்தான் இருக்கேன்” என்றது எஸ்.எம்.பி.எஸ்.

வயரைச் செருகினாள். திரையில் வெளிச்சம் வந்தது. கோகிலவாணி தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. பக்கத்துக் காம்பவுண்டில் ஒரு தையல் கூடம். அவசர ஷிப்மென்ட் என்று ஞாயிற்றுக்கிழமையும் வேலை வைத்திருந்தார்கள். டீ குடித்துவிட்டு வந்தவர்கள் எல்லா மெஷினையும் ஒரே நேரத்தில் போட்டதும், வீட்டு டியூப்லைட் மினுக்கென்று மங்கியது. ஃபேன் தொய்ந்தது.

“அண்ணா! கரண்ட்டு!” என்று சின்னக் கார்டு கத்தியது. திரையில் அப்போதுதான் மூன்று எதிரிகள் ஒன்றாகப் பாய்ந்துவந்தார்கள்.

“எவ்வளவு வேணும்?”

“இருக்கறது பூராவும்!”

“புடிச்சுக்கோ.”

கறுப்பு டப்பா பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியது. பிராசஸர் கணக்குப் போட்டான். ராம் இரண்டு பேரும் ஆளுக்கொரு கை பிடித்தார்கள். டியூப்லைட் மறுபடி எரிந்தபோது திரை எரிந்துகொண்டேதான் இருந்தது.

கட் ஆனது வேறு இடத்தில். ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது, ஹெட்செட்டில் “அக்கா, இடது பக்கம்” என்று சொல்ல வாயெடுத்த முபாரக்கின் குரல் அப்படியே நின்றது. ஈரோட்டில் அவனுடைய மூன்று விசிறிக் கார்டு, அதுதான் ராஜாவின் அண்ணன், முழு மூச்சாகக் கரண்டை இழுத்தது. ஓசி எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. வண்ண விளக்கெல்லாம் ஒரே நொடியில் அணைந்தது.

“கேப்டன் போயாச்சு!” என்று டீம் பதறியது.

“நான் இருக்கேன். எம் பின்னால வாங்க” என்றாள் கோகிலவாணி.

நாலு பேராக நின்று அடித்தார்கள். கடைசி எதிரியை அவள்தான் வீழ்த்தினாள். இறுதிப் போட்டிக்கு டீம் போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்து முபாரக் போன் பண்ணினான்.  “ரூல் போட்டவனே நாந்தானுங்க்கா. நான் வெளிய போயிடறேன்.”

கோகிலவாணிக்குப் பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அழுதது ஞாபகம் வந்தது. அன்றைக்கு ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல யாரும் இல்லை. “லூசாட்டப் பேசாத. மெஷின் பண்ணுனதுக்கு நீ ஏன் போறே? இறுதிப் போட்டிக்கு ஒரு வாரம் இருக்குது. மெஷினைச் சரி பண்ணு.”

முபாரக் மூக்கை உறிஞ்சினான். “உங்க பட்டியலை அனுப்புங்க்கா.”

அவள் ஸ்லிப்பைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். பட்டியலுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அவன் எழுதச் சொன்ன ஏழு வரியும் அதன் அடிவயிற்றில் கவிழ்ந்து கிடந்தனவே! பதில் உடனே வந்தது.

“அக்கா, நான் சொன்னதெல்லாம் தலைகீழா இருக்குதுங்க.”

“ஆமா, சாமி. இப்பத்தான் நேரா இருக்குது.”