தோற்கிறவன் அடிக்கக் கூடாது

வேங்கைமங்கலத்தை ஆண்ட குமாரமல்ல பூபதிக்குச் சண்டை என்றால் உயிர். அதுவும் பலகையில் நடக்கிற சண்டை என்றால் சோறு தண்ணீர்கூட வேண்டாம்.

நாற்படை ஆட்டம் என்று ஒன்று. நாலு பேர் ஆடுவது. பலகையின் நாலு மூலையிலும் நாலு ராஜா. ஆளுக்கு யானை, குதிரை, சிப்பாய்கள். எவனுடைய ராஜா கடைசிவரை நிற்கிறதோ அவனுக்கு வெற்றி.

அன்று ஆடியவர்கள் பூபதி, தளவாய் செங்கோடர், ராணியின் தம்பி சிங்கமுத்து, அரண்மனை ஓலைகளை எழுதும் ராயசம் மாசிலாமணி. சிங்கமுத்து ஆரம்பத்திலேயே தோற்றுவிட்டு முறுக்குத் தட்டோடு ஒதுங்கிவிட்டார். மாசிலாமணியிடம் மிஞ்சியது ஒரு ராஜா, ஒரு சிப்பாய். யார் கண்ணிலும் படாமல் மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தார்.

பூபதி ஜெயிக்கிற நிலை. போகிற போக்கில், வேண்டிய அவசியமே இல்லாமல், தளவாயின் யானையை வெட்டிவிட்டுச் சிரித்தார்.

"சும்மா நின்ற யானை, மகாராஜா. உங்களை என்ன செய்தது?" என்றார் தளவாய்.

"லேசாகக் கிடைத்தது. எடுத்துக்கொண்டேன்."

தளவாயின் மீசை துடித்தது. தன் ராஜாவுக்குக் காவல் நின்ற குதிரையை எடுத்தார். ஒரே பாய்ச்சலில் பூபதியின் ராஜாவை வெட்டிச் சாய்த்தார். தளவாயின் ராஜா இப்போது காவலின்றி நின்றது, மாசிலாமணியின் சிப்பாய் வெட்டுகிற தூரத்தில். மாசிலாமணி என்ன செய்வார்? ஒரு கட்டம் நகர்த்தினார். ஆட்டம் முடிந்தது.

பூபதி பலகையைத் தட்டிவிட்டார். காய்கள் உருண்டன.

"உமக்குத்தான் ஜெயிக்க வழியே இல்லையே! பேசாமல் இருக்க வேண்டியதுதானே? நீரும் செத்து என்னையும் சாகடித்து, இந்த ஓலைக்காரனுக்கா வெற்றியைத் தாரை வார்ப்பது? இது ஆட்டமா, வயிற்றெரிச்சலா?"

"என்னை அடித்தால் அடித்தவருக்கும் வலிக்கும் என்று தெரியட்டும், மகாராஜா. அடுத்த ஆட்டத்தில் என் யானைமேல் கை வைக்க யோசிப்பீர்கள்."

"மாசிலாமணி! நியாயத்தை நீர் சொல்லும்."

மாசிலாமணி கும்பிட்டார். "ஜெயித்தவனிடம் நியாயம் கேட்கலாமா, மகாராஜா? எனக்கு இரண்டு பேர் சொல்வதும் தேனாக இனிக்கிறது."

பூபதிக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்படியானால் எழுதும். 'ஜெயிக்க வழியில்லாதவன், ஜெயிக்கப் போகிறவனை அடிக்கக் கூடாது. மீறினால் நாடு கடத்தப்படுவான்.' இன்று முதல் இதுதான் சட்டம். முதல் குற்றவாளி தளவாய். அடுத்த மாதத் திருவிழா முடிந்ததும் இவர் எல்லையைத் தாண்ட வேண்டும்!"

தளவாய் வாளைக் கழற்றி வைத்துவிட்டுப் போனார். மாசிலாமணி சட்டத்தை எழுதி முடித்தார். இத்தனை வருஷம் ராஜாவுக்காக ரத்தம் சிந்திய மனிதரை ஒரு மரக்குதிரைக்காகத் துரத்துவதா? அவருக்கு மனசு ஆறவில்லை.

மறுவாரம் சபையில் சிங்கமுத்து எழுந்தார். தளவாய் இல்லாத சபையில் அவருடைய குரல் தனியாக ஓங்கியது.

"அத்தான், மலைப்பட்டிமேல் படை எடுப்போம். அதை ஆளும் பொம்மையனிடம் ஆள் இல்லை, குதிரை இல்லை. ஏரி மட்டும் கடல் மாதிரி கிடக்கிறது."

"அவன் நம்மை ஒன்றும் செய்யவில்லையே?" என்றார் பூபதி.

"செய்யவில்லைதான். ஆனால் லேசாகக் கிடைக்கிறதே! அவன் ஜெயிக்க வழியே இல்லை."

பூபதியின் முகம் மலர்ந்தது. "சரி, முரசு கொட்டச் சொல்லுங்கள்!"

மாசிலாமணியின் கண் முன்னால் ஏரிதான் வந்தது. மலைப்பட்டி ஏரி மேட்டில் இருக்கிறது. அதன் கீழேதான் வேங்கைமங்கலத்தின் வயலும் வீடும். வேண்டாம் என்று நேராகச் சொன்னால் பயந்தாங்கொள்ளி என்பார்கள். அவர் மெல்ல ஓர் ஓலையை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

"என்ன எழுதுகிறீர்?" என்று கேட்டார் பூபதி.

"நம் சட்டத்துக்கு ஒரு நகல், மகாராஜா. படை கிளம்புவதற்கு முன்னால் பொம்மையனிடம் சேர்த்துவிட வேண்டும்."

"அவனுக்கு எதற்கு?"

"ஜெயிக்க வழியில்லை என்பது அவனுக்கும் தெரியும். ஆனால் வழியில்லாதவன் அடிக்கக் கூடாது என்பது தெரியாதே! பாவம், தெரியாத்தனமாக ஏரிக்கரையை வெட்டிவிட்டால்?"

 முரசுக்காரன் ஓங்கிய கையை இறக்கினான்.

"வெட்டினால் அவன் ஊரும் அல்லவா அடித்துக்கொண்டு போகும்?" என்றார் பூபதி.

"போகும். நம் படையும் ஊரும் கூடவே போகும். அதனால் பக்கத்து நாட்டு வடகரை ராஜாவுக்கும் ஒரு நகல் எழுதுகிறேன். நாம் இரண்டு பேரும் போனபிறகு, மூலையில் இருப்பவர் ஒரு கட்டம்கூட நகரக் கூடாது என்று."

பூபதி சிங்கமுத்துவைப் பார்த்தார். சிங்கமுத்து உத்தரத்தைப் பார்த்தார்.

"சரி, பொம்மையன் நம் சட்டத்தை மீறினால்?" பூபதியின் குரல் இறங்கிவிட்டது.

"மீறினால் விடலாமா? நாடு கடத்திவிடுவோம், மகாராஜா!" என்றார் மாசிலாமணி பணிவாக. "எந்த நாட்டிலிருந்து என்பதை மட்டும் வடகரை ராஜாவிடம் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்."

பூபதி ஒரு கணம் முறைத்தார். பிறகு தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சட்டத்தையும் நகலையும் வாங்கிக் கிழித்துப் போட்டார். முரசுக்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தளவாயைத் தேடித் தாமே நடந்து போனார்.

"உம் யானையை நான் தொட்டிருக்கக் கூடாது. வாளை எடுத்துக்கொள்ளும்."

"எடுத்துக்கொள்கிறேன். ஆனால் மறுபடி தொட்டால் மறுபடியும் அடிப்பேன், மகாராஜா."

"தெரியும் ஓய்! அதனால்தான் இனிமேல் தொட மாட்டேன்."

மாசிலாமணிக்குப் பட்டுச் சால்வையும் முத்து மாலையும் கிடைத்தன. இரண்டையும் போட்டுக்கொண்டு அன்று சாயங்காலம் அவர் மிடுக்காக ஆட வந்து உட்கார்ந்தார். மற்ற மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணடித்துவிட்டு, முதல் வேலையாக அவருடைய ராஜாவை வெட்டினார்கள்.