பனிமுனையில் ஒரு மணிவிழா

இக்கதையை முதன்முதலில் எனக்குச் சொன்னவர், கப்பலில் சமையற்பணி புரிந்த சூசை மிக்கேல் பர்னாந்து.

ஏரிக்கரைத் தோப்பில் சித்திரபாகன் என்னும் செல்வ மயில் வாழ்ந்தது. இதுவரை எவரும் கொண்டாடாத இடத்தில் தன் மணிவிழாவைக் கொண்டாட வேண்டும் என்பது அதன் ஆசை. ஆகவே, பயண ஏற்பாடுகள் செய்து தரும் குவளை என்னும் நீர்நாயை அழைத்தது.

“தென்முனைக் கடலுக்கு ஒரு சொகுசுக் கப்பல் வேண்டும்! முழுக் கப்பலும் எனக்கே! மேல்தளத்தில் ஊஞ்சல், அறைதோறும் வெந்நீர்த் தொட்டி, காலையில் ஏழு வகைச் சட்டினி!”

“ஆகட்டும், ஐயா!”

“தை மாத முகூர்த்த நாளில், உதயத்திலிருந்து ஐந்தாம் நாழிகையில், அங்குள்ள பனிமுனையில் நானும் என் பேடையும் மாலை மாற்ற வேண்டும். சற்றும் பிந்தக் கூடாது. உறுதி தருகிறாயா?”

குவளைக்குப் பனிக்கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆயினும் இத்தனை பெரிய வாய்ப்பை நழுவவிட அதற்கு மனமில்லை. “உறுதி!” என்றது.

அந்த உறுதிக்கென்றே மயில் தனியாகப் பன்னிரண்டு முத்துகள் கொடுத்தது. குவளை அவற்றைக் கப்பலுக்கு முன்பணமாகக் கட்டியது. அது போதவில்லை. தன் குட்டிகள் வளரும் தாமரைக் குளத்தை முதலையிடம் அடகு வைத்து மீதியையும் கட்டியது. பயணம் நடந்தால் மயில் தரும் வாடகையில் குளத்தை மீட்கலாம். நடக்காவிட்டால் குளம் முதலைக்கு!

கப்பல் கரைக்கு வந்தது. அதன் தலைவர் தாண்டவராயன் என்னும் பெங்குவின். பயணத் திட்டத்தைக் கேட்டதும் அது வயிறு குலுங்கச் சிரித்தது.

“குவளையம்மா, தை மாதத்தில் அங்கே சூரியன் மறைவதே இல்லை! மறையாத சூரியனுக்கு உதயம் ஏது? நாழிகையை எங்கிருந்து எண்ணுவீர்கள்?”

குவளை பயணத் திட்டத்தை மடித்து வைத்தது. “நேரம் கிடக்கட்டும். அந்த நாளிலாவது பனிமுனையில் இறங்கலாம் அல்லவா?”

“பனி வழிவிட்டால் இறங்கலாம். பனி பஞ்சாங்கம் பார்ப்பதில்லை, அம்மா! காற்று மாறினால், சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் வழி மூடிக்கொள்ளும். நேரமாகிறதே என்று உள்ளே நுழைந்தால், கப்பலைத் தேங்காய் போல உடைத்துவிடும். ஆகவே திட்டத்தில் சில நாட்களை வெறுமையாக விடுங்கள். உணவை இரட்டிப்பாக்குங்கள். ஊஞ்சலைக் கழற்றிவிட்டு அங்கே அரிசி மூட்டைகளை அடுக்குங்கள்!”

குவளை யோசித்தது: உண்மையைச் சொன்னால் மயில் பயணத்தையே கைவிடலாம், குளம் போய்விடும். சொல்லாவிட்டாலோ, நம்பி ஏறுபவர்களின் உயிருக்கே ஆபத்து. நெடுநேரம் கரையிலேயே நின்றது. பிறகு நேரே மயிலிடம் சென்றது.

“ஐயா, நான் தந்த உறுதி தவறானது. பனிமுனையில் இறங்கும் நாளையோ நேரத்தையோ யாராலும் குறிக்க முடியாது. அதற்காக நீங்கள் தந்த முத்துகளைக் கப்பலுக்குக் கட்டிவிட்டேன். எப்பாடுபட்டாவது திருப்பித் தந்துவிடுகிறேன்.”

மயிலின் கொண்டை சிலிர்த்தது. “ஊரெல்லாம் பத்திரிகை வைத்துவிட்டேன்! இப்போது வந்து முடியாது என்கிறாயே! உன்னை நம்பியது என் குற்றம். பயணமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்!”

அப்போது அதன் பேடை கோமளை குறுக்கிட்டது. “சற்றுப் பொறுங்கள். இந்தப் பயணத்துக்காக இவள் தன் குளத்தை அடகு வைத்ததை ஊரே அறியும். அது போனாலும் போகட்டும் என்று உண்மையைச் சொல்கிறாள். முடியாததை முடியாது என்பவள், முடியும் என்றால் அது முடியும். நான் இவள் ஏற்பாடு செய்த கப்பலில்தான் ஏறுவேன். நீங்கள் வருகிறீர்களா, அல்லது நான் மட்டும் மணிவிழா கொண்டாடட்டுமா?”

ஊஞ்சலுக்குப் பதில் அரிசி மூட்டைகள் அடுக்கிய கப்பலில் மயில் முணுமுணுத்துக்கொண்டே ஏறியது.

முகூர்த்த நாளில் பனிமுனையின் வழி வெண்சுவராய் மூடிக் கிடந்தது. தாண்டவராயன் கப்பலை ஒரு விரிகுடாவில் ஒதுக்கி நிறுத்தியது. மறுநாளும் வழி திறக்கவில்லை.

“நேரம் போய்விட்டதே! சட்டினியும் ஒரே வகையாகிவிட்டதே!” என்று மயில் புலம்பியது.

“ஆனாலும் சோறு இருக்கிறதே, ஐயா!” என்றது குவளை.

மூன்றாம் நாள் காற்று திரும்பியது. பனி மெல்ல விலகியது. “இறங்குங்கள்!” என்று தாண்டவராயன் கூவியது. நீலப் பனியின் நடுவே, சாயாத வெயிலில், மயிலும் பேடையும் நின்றன. தொலைவில் ஒரு திமிங்கலம் நீரைப் பீய்ச்சி முழங்கியது. கெட்டிமேளமே கொட்டியது போலிருந்தது!

மாலையை ஏந்திய மயில் தயங்கியது. “கோமளை, இது நல்ல நேரந்தானா?”

“சூரியன் மறையாத ஊரில் கெட்ட நேரம் எப்படி வரும்? மாலையைப் போடுங்கள்!”

மயில் வாய்விட்டுச் சிரித்தது. பனியின்மேல் தோகையை முழுவதும் விரித்தது.

ஊர் திரும்பியதும் மயில் வாடகையைக் குறைவின்றிக் கொடுத்தது. குவளை குளத்தை மீட்டது. குட்டிகள் தாமரை இலைகளுக்கிடையே துள்ளின. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் உழைத்துச் சேர்த்த ஒரு சிறு பொதியுடன் குவளை மயிலிடம் வந்தது.

“இது எதற்கு? விழாதான் சிறப்பாக நடந்துவிட்டதே! நீயே வைத்துக்கொள்!” என்றது மயில்.

“விழா நடந்தது, ஐயா. குறித்த நேரத்தில் நடக்கவில்லை. விற்க உரிமையில்லாத ஒன்றை நான் விற்றுவிட்டேன்.”

தன்னால் இயலாததை இயலாது என்று உரிய வேளையில் சொல்பவரையே உலகம் நம்பித் தன் உயிரையும் ஒப்படைக்கும்; அந்த நம்பிக்கையைப் பெறக் குவளை திருப்பிக் கொடுத்தவை பன்னிரண்டு முத்துகள்.