மட்டும்

"மேடம், நான் விட்டுடறேன்," என்றார் தணிகாசலம்.

நாற்பத்தாறு வயது. எரிவாயு ஆலை வேலையை உதறிவிட்டு ஆராய்ச்சிக்கு வந்த மனுஷன். அவருடைய வழிகாட்டி ஸ்டெல்லா எட்டு வயது இளையவர். வெள்ளிக்கிழமையோடு பதிவுக் காலம் முடிகிறது. அதற்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பட்டம் கிடையாது, ஆறு வருடமும் தண்டம்.

"என்ன ஆச்சு?"

"மெம்பிரேன் கைவிட்டுடுச்சு."

மெம்பிரேன் என்றால் ஒரு பாலிமர் படலம். வெங்காயச் சருகைவிட மெல்லிசு. கிணற்றிலிருந்து வரும் எரிவாயுவில் கார்பன் டை ஆக்சைடும் கலந்திருக்கும். படலம் அதை அந்தப் பக்கம் விட்டுவிட்டு, மீத்தேனை இந்தப் பக்கமே நிறுத்த வேண்டும். அதற்கு வேறு வேலையே இல்லை.

"கார்பன் டை ஆக்சைடைத் தனியா விட்டேன், போச்சு. மீத்தேனைத் தனியா விட்டேன், நின்னுச்சு. ஆறு வருஷமா இப்படித்தான். நேத்துதான் முதல் தடவையா ரெண்டையும் கலந்து விட்டேன். உப்பி, இளகிடுச்சு மேடம். ரெண்டும் சேர்ந்தே போகுது."

"கிணத்துல தனித்தனியாவா வருது?"

பதினெட்டு வருடம் ஆலையில் இருந்தவருக்கு இது தெரியாதா என்ன? தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல்.

ஸ்டெல்லா அவருடைய ஆய்வேட்டை வாங்கினார். பல்கலைக்கழகத்துக்காக முன்னால் சேர்க்கும் தமிழ்ச் சுருக்கத்தைப் பிரித்தார்.

'இப்படலம் கார்பன் டை ஆக்சைடை மட்டும் கடத்தும்.'

'மட்டும்' என்பதைச் சிவப்புப் பேனாவால் அடித்தார்.

"இப்ப சரியா இருக்கு."

"அந்த வார்த்தை போனா தீசிஸ்ல என்ன மேடம் மிச்சம்?"

"ஒண்ணும் இல்ல."

தணிகாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வேலையும் போய், இதுவும் போய், இனி எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

"பாலிமர் உங்களுது மேடம். செய்முறை உங்களுது. நீங்க சோதிச்ச மாதிரியேதான் நானும் சோதிச்சேன்."

ஆத்திரத்தில் சொன்னதுதான். சொன்ன பிறகுதான் அவர் காதிலேயே விழுந்தது.

"மேடம், நீங்க கலந்து பார்த்தீங்களா?"

ஸ்டெல்லா எழுந்துபோய் அலமாரியிலிருந்து தன்னுடைய ஆய்வேட்டை எடுத்துவந்தார். பன்னிரண்டு வருடப் பழசு. தமிழ்ச் சுருக்கத்தைப் பிரித்து மேசையில் வைத்தார். அதே வரி, அதே 'மட்டும்'.

சிவப்புப் பேனாவைத் தணிகாசலத்தின் பக்கம் நகர்த்தினார்.

"நீங்களே அடிச்சிடுங்க."