பாறையில் ஒரு பாதம்

கரடிப்பட்டி மலைப் பாறையில் ஆள் நீளத்துக்கு ஒரு பாதக்குழி. அம்மன் பாதம் என்றது மேலத்தெரு. இல்லை, பீமன் பாதம் என்றது கீழத்தெரு. கல்தச்சன் மொக்கையன் இரண்டு பேச்சையும் பக்கத்துப் பாறையில் எழுத்தாய் வெட்டி, முடிவில் ‘என்பார்கள்’ என்று போட்டான்.

ஜமீன்தார் வந்து மீசையை முறுக்கினார். “அது எங்க பாட்டனார் பாதம்டா! ‘என்பார்கள்’ இல்லாம வெட்டு. மாட்டேன்னா ஊரைவிட்டுக் கிளம்பு.”

“வெட்டிர்றேன் சாமி. அரண்மனைப் பூசையறையில பாட்டனார் போட்டு நடந்த மரப் பாதக்குறடு இருக்குல்ல, அதைக் கொடுத்தனுப்புங்க. ஊர் முன்னால குழியில பொருத்திக் காட்டிட்டு வெட்டிர்றேன்.”

ஆயுதபூசைக்கு ஊரே தொட்டுக் கும்பிடுகிற குறடு அது. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இருக்கும், அவ்வளவுதான். கூடியிருந்த கூட்டம் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டது.

ஜமீன்தார் கனைத்தார். “சரி, பாட்டனாரை மூணாவதாச் சேர்த்துக்க. அந்த ‘என்பார்கள்’ மட்டும் கொஞ்சம் பெருசா வெட்டு.”